தாம் மாஸ்டரின் வாயும் மருந்துப் பொட்டலங்களும்

தாம் ஹொய்சுன் கத்திக் கத்தியே பிழைப்பு நடத்திய மனிதர். தெற்குச் சீனாவில், சியூஹிங் நகரின் கிழக்கே, ஆற்றை ஒட்டிய கார் பழகும் மைதானத்தில் அவர் குரல் கேட்காத நாள் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே முறை வரக் காத்திருக்கும் மாணவர்கள், அவருடைய கார் எந்த மூலையில் என்ன பாடு படுகிறது என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவார்கள். "கிளட்சை மெதுவா விடு. அது உன் மாமியார் கழுத்து இல்ல" என்று சத்தம் வந்தால், யாரோ மேட்டில் வண்டியை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவரிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் இல்லை. வாங்கிய பிறகு ஒரு கூடை ஆரஞ்சோடு வந்து கும்பிடு போடாமல் போனவர்களும் குறைவு.

அவருக்கு ஒரு குணம் உண்டு. எதற்கும் காரணம் தெரிய வேண்டும். அதுவும் ஒரே ஒரு காரணமாக இருக்க வேண்டும். வண்டி நின்றால் பெட்ரோல் இல்லை, இல்லாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஓட்டுகிறவன் முட்டாள். "அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம்" என்று இழுக்கிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. அந்தக் குற்றத்துக்காகவே மெக்கானிக்குகளை மாற்றியிருக்கிறார்.

அவருக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு மழைக்காலத்தில், காலையில் மூக்கைச் சிந்தினால் சளியோடு ரத்தக்கோடு தெரிந்தது. வலது காது அடைத்துக்கொண்டது. பிறகு தாடைக்குக் கீழே ஒரு கட்டி. அமுக்கினால் வலிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் டீக்கடைக்காரனே நோயின் பெயரைச் சொல்லிவிடுவான். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே வருகிற புற்று. ஹொய்சுனின் தாய்மாமன் அதில்தான் போனார். ஆனால் காலம் மாறிவிட்டது, சீக்கிரம் பார்த்துவிட்டோம், கத்தி வைக்கவே வேண்டாம், கரண்டு வைத்தே சரிப்படுத்தலாம் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். கதிர்வீச்சை ஊரில் எல்லோரும் கரண்டு என்றுதான் சொல்வார்கள்.

பிழைப்பேனா என்று ஹொய்சுன் கேட்டார். பிழைப்பீர்கள் என்று டாக்டர் நேராகச் சொன்னார். அந்தப் பதிலோடு அவர் ஏறக்குறைய சந்தோஷமாகவே வீடு திரும்பினார். இனிமேல் யாரும் தனக்கு அப்படி நேராகப் பதில் சொல்லப்போவதில்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது.

செய்தி போன அன்றே அக்கா சாவ்லான் வந்துவிட்டாள். சந்தையில் காய்ந்த பழத்தோலும் சூப்புச் சரக்குகளும் விற்கிற கடை அவளுடையது. கையில் ஒரு கோணிப்பை நிறைய இலையும் வேரும்.

"கரண்டுன்னா என்னடா? நெருப்பு. தெனமும் உன் தொண்டையில கொள்ளி வெக்கப் போறான். நாம தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா உள்ள வெந்து போயிடும்."

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. வறுத்த வேர்க்கடலை இரண்டு பிடி தின்றாலே உடம்புக்குச் சூடு என்று மூலிகைத் தண்ணீர்க் கடைக்கு ஓடுகிற ஜனங்கள் நாங்கள். ஆனால் சாவ்லான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். கோழி ஆகாது, வாத்து ஆகாது, மாட்டிறைச்சி விஷம், பச்சைத் தண்ணீர் குடிக்காதே, கோபப்படாதே. கோபப்படாதே என்று அவள் ஐந்தாவது முறை சொன்னபோது ஹொய்சுன் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹொய்சுனின் மனைவி பிக்வா பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவள், அதிகம் பேசாதவள், பேசினால் குத்துவாள். அவள்தான் அவரை ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இருந்த சீன வைத்தியப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். கரண்டு வைக்கப் போகிறவர்களை அங்கேயும் அனுப்புவது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம்.

அங்கே ஃபுங் என்கிற டாக்டரம்மா. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, பிறகு மேஜையெல்லாம் தேடுகிறவள். நாக்கை நீட்டச் சொன்னாள். இரண்டு கையிலும் நாடி பார்த்தாள். கரண்டு வைக்கத் தொடங்கிய பிறகு வாய் புண்ணாகும், எச்சில் சுரப்பது குறையும், நாக்கில் ருசி போகும் என்று ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். அதற்காக ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம், விருப்பமிருந்தால் சேரலாம் என்றாள். மாக்துங் என்கிற சின்னக் கிழங்கு, அதிமதுரம், நாணல் வேர், வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கிற ஒரு கொடியின் காய்ந்த மொட்டு; இவற்றைக் காய்ச்சி வற்ற வைத்துப் பொடியாக்கிப் பொட்டலம் போட்டிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு. பாதிப் பேருக்குத்தான் உண்மையான மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்துல, அதே கசப்புல வெறும் மாவு."

"எனக்கு எது?"

"தெரியாது மாஸ்டர். எனக்கும் தெரியாது, மேல கரண்டு வெக்கிற டாக்டருக்கும் தெரியாது."

"தெரியாமயே குடுப்பீங்களா?"

"தெரிஞ்சு குடுத்தா, நம்ம மருந்து நல்லா கேக்குதுன்னு நானே நெனச்சுக்குவேன். மனுஷ புத்தி அப்படித்தான்."

ஹொய்சுனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. எழுந்திருக்கவே போனார். அப்போது ஃபுங் இன்னொரு விதியைச் சொன்னாள். இந்தச் சோதனையில் சேர்ந்தால், வெளியே எந்த மூலிகையும், எந்தக் கஷாயமும் தொடக்கூடாது. ஹொய்சுன் மறுபடி உட்கார்ந்தார். அக்காவின் கோணிப்பை அவர் கண்முன் வந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

சாவ்லானுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. மாவைக் கரைத்துக் குடிக்கப்போகிறான் என் தம்பி என்று சந்தை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

கரண்டு ஆரம்பித்தது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி வார்த்து, அவருக்கென்று ஒரு முகமூடி செய்திருந்தார்கள். அதை மாட்டித் தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் அறையைவிட்டு வெளியே போய்விடுவார்கள். வலி ஒன்றும் இல்லை. ஆனால் அசையவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. பேசிப் பழகிய மனிதருக்கு அது போதாதா? வெளியே வரும்போது முகமெல்லாம் சல்லடை அச்சு விழுந்திருக்கும். அதே அச்சோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் லோ. ஆற்றுக்கு அக்கரையில் கெண்டைக் குளங்கள் வைத்திருக்கிறவன். அவனும் அதே நோய், அதே கரண்டு, அதே பொட்டலச் சோதனை.

முதல் இரண்டு வாரமும் ஹொய்சுன் சாயங்காலங்களில் மைதானத்துக்கே போய் வந்தார். இதென்ன பெரிய விஷயம் என்றுகூடச் சொன்னார். மூன்றாவது வாரம் ஒருநாள் காலை, கஞ்சியில் உப்பே போடவில்லை என்று பிக்வாவிடம் கத்தினார். அவள் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு சோயா சாஸ் பாட்டிலை அவர் முன்னே வைத்தாள். அவர் ஊற்றினார். இன்னும் ஊற்றினார். கஞ்சி கறுத்துப்போனது. ருசி வரவில்லை. காகிதத்தை மென்று விழுங்குவதுபோல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பொட்டலத்தைக் கரைத்து பிக்வாவிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாரு. கசக்குதா?"

அவள் ஒரு வாய் குடித்தாள். "கசக்குது."

"எப்படிக் கசக்குது?"

"கசக்குதுன்னா கசக்குதுய்யா. உன் அக்கா வாய் மாதிரி."

"மருந்துக் கசப்பா, மாவுல சேத்த கசப்பா?"

"அது தெரிஞ்சா நான் ஏன்யா ரெண்டு வயசுக் குழந்தைங்களுக்குக் காய் நறுக்கிட்டுக் கெடக்கேன்?"

வெள்ளைக் காகிதத்தில் பொடியைக் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார், மூக்கும் வெந்திருந்தது, வாசனை எட்டவில்லை. கையில் வைத்திருக்கிற பொருள் மருந்தா மாவா என்பதைச் சொல்ல அவருடைய உடம்பில் ஒரு உறுப்பும் மிச்சமில்லை. இந்த எரிச்சலை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

நான்காவது வாரம் வாய் வெந்தது. உள்கன்னம், நாக்கின் ஓரம், தொண்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். கழுத்துத் தோல் வெயிலில் வறுத்ததுபோலக் கறுத்து உரிந்தது. கஞ்சியை ஆற வைத்து, துணியில் வடிகட்டி, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினார். ஒவ்வொரு விழுங்கலுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்து கொஞ்ச நேரம் மரக்க வைத்தது, பிறகு பழையபடியே எரிந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று.

லோவைப் பார்த்தால் வயிறெரிந்தது. அவனுக்கு ஒரு ஓரத்தில் சின்னப் புண், அவ்வளவுதான். கரண்டு முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நூடுல்ஸ் தின்றான்.

"எனக்குக் கெடச்சது அசல் மருந்துய்யா" என்றான் லோ. "உள்ள எறங்கறப்பவே தெரியுது. ஜில்லுன்னு ஆத்துத் தண்ணி போற மாதிரி."

அன்று மத்தியானமே ஹொய்சுன் ஃபுங் டாக்டரம்மாவின் அறைக்குள் வரிசையைத் தாண்டி நுழைந்தார். பேச முடியாது, ஒவ்வொரு சொல்லையும் புண்ணின் மேல் உருட்டித் தள்ள வேண்டியிருந்தது.

"எனக்கு வந்தது மாவுதான? சொல்லிடுங்க. நான் சண்டைக்கு வரல. தெரிஞ்சா போதும்."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"லோவுக்குப் புண்ணே இல்ல. எனக்கு வாயே புண்ணு. அவனுக்கு மருந்து, எனக்கு மாவு. கண்ணு தெரியாதவனுக்கே புரியுமே."

"மருந்து சாப்பிட்டவங்களுக்கும் புண்ணு வரும். எதுவுமே சாப்பிடாம சில பேருக்கு வராது. ஆளுக்கு ஆள் மாறும் மாஸ்டர். உங்க ரெண்டு பேரை மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் அவருடைய வாயைப் பார்த்தாள், மேலே கரண்டு டாக்டரோடு பேசி வலிக்கு மருந்தைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னாள், கஞ்சியில் முட்டை அடித்து ஊற்றச் சொன்னாள். இப்படியே எடை இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்றாள். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சொல்ல முடியாது என்றாளே, அதுதான் திரும்பத் திரும்ப ஒலித்தது.

நேரே சந்தைக்குப் போனார். சாவ்லான் கடையில் பழத்தோல் புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கறுத்த கழுத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் வாயைத் திறந்து காட்டினார். அவள் கண் கலங்கியது. ஆனால் அது ஒரு நிமிஷம்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

கோணிப்பை அவிழ்ந்தது. இருப்பதிலேயே கடுமையான குளிர்ச்சிச் சரக்குகளை அள்ளிப் போட்டு, மூன்று கிண்ணத் தண்ணீர் ஒரு கிண்ணமாகும்வரை கொதிக்க வைத்து, ஆற்றிக் கொடுத்தாள். தார்போலக் கறுப்பு. ருசி தெரியாத வாய்க்கு அது ஒரு பாரமே இல்லை. ஒரே மூச்சில் குடித்தார். மறுநாளும் குடித்தார். பிக்வாவிடம் சொல்லவில்லை. காலையும் மாலையும் வீட்டில் பொட்டலத்தையும் கரைத்துக் குடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் வயிறு பிய்த்துக்கொண்டது. வடிகட்டிய கஞ்சி தவிர ஒன்றும் போகாத வயிறு. அது எதைத் தாங்கும்? காலையில் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயரைக் கூப்பிடக் காத்திருந்தவர், சுவரைப் பிடித்தபடியே சரிந்தார். லோதான் தூக்கி உட்கார வைத்தான்.

குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். சில நாட்களுக்குக் கரண்டு நின்றது. இடையில் நிறுத்துவது இந்த நோய்க்கு நல்லதல்ல, விட்டதைப் பிடிப்பது கஷ்டம் என்று கரண்டு டாக்டர் கோபித்துக்கொண்டு போனார். பிக்வா என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நேரே சந்தைக்குப் போய், கடை முன்னால் நின்று, என்ன கொடுத்தீர்கள் என்று சாவ்லானிடம் கேட்டாள். கேட்டதை வந்து ஃபுங்கிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

ஃபுங் அவர் படுக்கையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க அக்கா போட்டதுல பாதி நானும் எழுதுற சரக்குதான். நல்லா தின்னு கொழுத்து சூடு புடிச்சவனுக்கு அது சரி. உங்க வயித்துல என்ன இருக்கு? குளுந்து கெடக்கிற அடுப்புல ஐஸ் தண்ணிய ஊத்தின கதைதான்."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"கோவம் வந்தா எங்கிட்ட வந்து கத்துங்க மாஸ்டர். மறைச்சு மட்டும் எதையும் குடிக்காதீங்க."

"கத்த வாய் எங்க இருக்கு?" என்றார் ஹொய்சுன். காற்றுதான் வந்தது. அவளுக்குப் புரிய, அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் அக்காவின் கஷாயம் குடித்ததை ஃபுங் சோதனைக் கணக்கில் குறித்துக்கொண்டாள். வயிறு சரியான பிறகு கரண்டும் பொட்டலமும் மறுபடி தொடர்ந்தன, ஒருவழியாக முடிந்தன. கட்டி கரைந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிழைத்துவிட்டார். டாக்டர் முதல்நாள் சொன்ன வார்த்தை பொய்க்கவில்லை.

ஆனால் வாய்? புண் ஆறியது; எச்சில் வரவில்லை. இரவில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தொட்டுப் பிரிக்க வேண்டும். வெறும் சோறு இறங்காது, எதையும் குழம்பிலோ சூப்பிலோ மிதக்கவிட்டுத்தான் தின்ன முடியும். ருசி திருடன்போல வந்து வந்து போனது. இனிப்பு முதலில் திரும்பியது, அவருக்குப் பிடிக்காத ருசி அதுதான். பிக்வா மாக்துங் கிழங்கையும் பேரிக்காயையும் போட்டு வேகவைத்த தண்ணீரைத் தினமும் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று அவர் கேட்டார். குடிக்கும்போது வாய் நனைகிறதா இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மைதானத்துக்குத் திரும்பினார். இரண்டு காலுக்கும் நடுவில் பிளாஸ்க். நான்கு சொல் பேசினால் ஒரு மடக்கு. கத்த ஆரம்பித்தால் பாதியில் தொண்டை காய்ந்து, "கிளட்சை..." என்பதோடு நின்றுபோகும், மாமியார் வரை போய்ச் சேராது. மாணவர்கள் தவறு செய்வார்கள். அவர் கையைத் தூக்கிவிட்டு, ஒன்றும் சொல்ல முடியாமல் இறக்குவார். லைசென்ஸ் வாங்கிய ஒரு பெண் ஆரஞ்சுக் கூடையோடு வந்து, எல்லோரும் பயமுறுத்தினார்கள், ஆனால் இவ்வளவு பொறுமையான மாஸ்டரை நான் பார்த்ததில்லை என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனாள். திட்ட முடியாமல் போனதைப் பொறுமை என்று புகழ்ந்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

இரண்டு வருஷத்துக்கு மேல் போன பிறகு, ஒரு நாள் மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருக்கையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சோதனை முடிந்துவிட்டது. அவரவருக்கு என்ன கொடுத்தோம் என்பதை இனிச் சொல்லலாம். தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டார்கள். விருப்பமா என்று ஒரு கேள்வியா!

"உங்களுக்குக் குடுத்தது உண்மையான மருந்து" என்றது போனில் ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"சரியாப் பாரும்மா. தாம் ஹொய்சுன்."

"பாத்துட்டேன். மருந்துதான்."

மாணவன் மேட்டில் வண்டியை அணைத்துவிட்டு, திட்டுக்காகக் காத்திருந்தான். ஹொய்சுன் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு லோவைக் கூப்பிட்டார். அவனுக்கும் போன் வந்திருந்தது.

"எனக்கு மாவாம்ய்யா" என்றான் லோ. குரலில் வருத்தமே இல்லை. பின்னால் குளத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "இருக்கட்டுமே. நல்ல மாவு."

"ஜில்லுன்னு எறங்குதுன்னியே?"

"எறங்குச்சே. பொய்யா சொன்னேன்?"

ஹொய்சுன் போனை வைத்துவிட்டார். அந்த நிமிஷம் லோவின் மேல் வந்த கோபத்துக்கு அவரால் ஒரு நியாயமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, மேலே வேலை முடிந்ததும் தரைத்தளத்துக்கு இறங்கினார். இந்த முறை வரிசையில் நின்றார். ஃபுங்குக்கு முடி நரைத்திருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே அவள் தெரிந்துகொண்டாள். மொத்தத்தில் என்ன தெரிந்தது என்று சொன்னாள். மருந்து குடித்தவர்கள் கூட்டத்தில் மோசமான புண் கொஞ்சம் குறைவு. புண் வந்தவர்களுக்கும் சற்றுத் தாமதமாக வந்திருக்கிறது. வாய் வறட்சியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

"அப்ப எனக்கு?"

"நீங்க அந்தக் கூட்டத்துல ஒருத்தர்."

"அதைக் கேக்கல. நான் அதைக் குடிச்சும் இவ்வளவு வெந்துச்சு. குடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?"

"இன்னும் மோசமா வெந்திருக்கலாம். இதே அளவுதான்னும் இருந்திருக்கலாம்." அவள் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். "ஒரே ஆளை ரெண்டு தடவ நோயில போட்டுப் பாக்க முடியாதே மாஸ்டர். முடிஞ்சா நானே பாத்துச் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் தெரிஞ்சுக்க ஆசையில்லையா? இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து இதையேதான் எல்லாருக்கும் சொல்றேன்."

அவள் குரலில் ஒரு சலிப்பு இருந்தது. டாக்டருக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்பது அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. சண்டை போட நினைத்து வந்தவர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அக்காவிடம் போய்ச் சொன்னார். அவள் ஏதாவது பெருமை அடித்துக்கொள்வாள், இரண்டு வார்த்தை சண்டை போடலாம் என்று எதிர்பார்த்தார். சாவ்லான் தராசில் பழத்தோலை வைத்தபடி கேட்டாள். அசல் மருந்தா என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். வேறு பேச்சு எடுத்தாள். அவர் மயங்கி விழுந்த நாளிலிருந்து அவள் கடையில் யாருக்கும், இருமலுக்குக்கூட, சரக்கு சொல்லிக் கொடுப்பதில்லை என்பதை அவருக்குப் பிறகு பக்கத்துக் கடைக்காரன்தான் சொன்னான். வந்து கேட்பவர்களிடம், டாக்டரிடம் போ என்கிறாளாம். அதைக் கேட்டதும் அவருக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. திரும்பிப் போய், "வாய் வறண்டு போகுது, கொஞ்சம் சாமந்திப்பூ குடு" என்றார். அவள் தராசைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு பிடி எடுத்தாள், அதில் பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டாள், மீதியை மடித்துக் கொடுத்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுக் குடி என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கரண்டு அறைக்கு வெளியே, முகத்தில் சல்லடை அச்சோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். லாரி டிரைவராம். கையில் அதே மருந்துப் பொட்டலம்; சோதனை முடிந்த பிறகு எல்லோருக்கும் அசலையே கொடுத்தார்கள். ஹொய்சுனின் பிளாஸ்கையும் கழுத்தில் இன்னும் மங்காத கறுப்பையும் பார்த்ததுமே இவர் பழைய ஆள் என்று கண்டுகொண்டான்.

"அண்ணே, இதைக் குடிச்சா கேக்குமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஹொய்சுன் வாயைத் திறந்தார். கேட்கும் என்று சொல்லலாம் போலிருந்தது. கேட்காது என்று சொல்லலாம் போலவும் இருந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் புண் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் எனக்கு நிறைய வந்தது. நான் குடித்தது அசல் மருந்து. வெறும் மாவைக் குடித்த என் சிநேகிதனுக்கு ஓரத்தில் ஒரு சின்னப் புண்தான். அதனால் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொரு மடக்கு. கஞ்சியில் முட்டை ஊற்று, எடையை விடாதே, வேறு எதைக் குடித்தாலும் கீழே இருக்கிற டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடி.

அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"கேக்குமான்னு கேட்டா கேக்கும், கேக்காதுன்னு சொல்லிட்டுப் போங்களேண்ணே. எவனைக் கேட்டாலும் இதே இழுவைதான்."

பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஹொய்சுனுக்கு அவனைத் திட்ட வேண்டும்போல இருந்தது. தான் சொன்னதில் எதை மாற்றிச் சொல்லியிருக்க முடியும் என்று யோசித்தார், ஒன்றும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகிறவனிடம், "ஷூ லேஸைக் கட்டிக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். சத்தம் வரவில்லை. அவன் அவிழ்ந்த லேஸோடுதான் உள்ளே போனான்.